மணிக்கட்டுப் பட்டை ஈ.சி.ஜி.க்கு மாற்றாகாது: கூட்டமைப்பின் மருத்துவக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

பயிற்சி முகாமில் சேரும் வீரர் வீராங்கனையர் அனைவரும் இந்தப் பருவத்திலிருந்து மணிக்கட்டில் இதயக் கண்காணிப்புப் பட்டை அணிய வேண்டும் என்றும், பட்டை அணிபவர்களுக்கு ஆண்டுதோறும் எடுக்கப்பட்டு வந்த, இதயத்தின் மின்துடிப்பைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து பதிவுசெய்யும் 12 லீட் ஈ.சி.ஜி. இனித் தேவையில்லை என்றும், பட்டையின் மென்பொருள் ‘இதய எச்சரிக்கை’ எழுப்பினால் அந்த வீரர் மறு அறிவிப்பு வரை பயிற்சியிலிருந்து விலக்கப்படுவார் என்றும் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். முகாமில் எடுக்கப்படும் இதயத்துடிப்புப் பதிவுகளிலிருந்து இரைச்சலை நீக்கி, பயிற்றுநரும் மருத்துவரும் பயன்படுத்தும் வகையில் ஒப்படைப்பது என் வேலை. அணிகருவிகளின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. என் பிழைப்பே அவற்றால்தான் நடக்கிறது. அவற்றிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று அன்றாடம் பார்ப்பதால் இந்த முடிவை என்னால் வாய்மூடி ஏற்க முடியவில்லை.

சுற்றறிக்கை இந்தப் பட்டையை ‘24 மணி நேர இதயப் பரிசோதனை’ என்று அழைக்கிறது. பட்டை செய்வது வேறு. அது தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்று அளக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பும் ஒளி குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து துடிப்பின் வேகம் கணிக்கப்படுகிறது. ஈ.சி.ஜி. பதிவுசெய்வதோ இதயத்தசையில் பரவும் மின்கிளர்ச்சியை. மேலறைகள் கிளர்வதைக் காட்டும் பி அலையும், கீழறைகள் கிளர்வதைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். தொகுதியும், அவை பழைய நிலைக்குத் திரும்புவதைக் காட்டும் டி அலையும், அவற்றுக்கு இடைப்பட்ட கால அளவுகளும் அதில் இருக்கின்றன. இளம் வீரர்களைத் திடீரெனச் சாய்க்கும் நோய்கள் பலவும் தடயம் விடுவது இந்த அலைகளின் வடிவத்திலும் கால அளவுகளிலும்தான். திரும்பும் ஒளியை அளந்து பட்டை எடுக்கும் ஒளிப்பதிவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எவ்வளவு திறமையான மென்பொருளாலும் பதிவில் இல்லாத ஒன்றை அதிலிருந்து வடித்தெடுக்க முடியாது.

துடிப்பின் வேகத்தையாவது அது சரியாகச் சொல்கிறதா? ஆள் அசையாமல் இருக்கும்போது பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் அதை ஓடுகிறவர்களுக்கும் தாவுகிறவர்களுக்கும் கட்டியிருக்கிறீர்கள். ஓடும்போது கை வீசும் ஒவ்வொரு முறையும் பட்டை தோலின் மேல் சற்று நகர்கிறது, வெளியொளி கசிகிறது, கையில் உள்ள இரத்தமும் வீச்சுக்கு ஏற்ப அலைகிறது. இந்த அசைவால் உண்டாகும் இரைச்சல் பல நேரங்களில் நாடித்துடிப்பின் அலையைவிடப் பெரியதாக இருக்கும். அது தாறுமாறான இரைச்சலாக இருந்தால் வடிகட்டுவது எளிது. தாளம் தவறாத இரைச்சலாக இருப்பதுதான் சிக்கல். நிமிடத்திற்கு 170 அடி வைத்து ஓடுபவரின் அசைவு ஏறத்தாழ 2.8 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 2.8 முறை என்ற தாளத்தில் விழுகிறது. அவரது இதயம் நிமிடத்திற்கு 165 முறை துடித்தால் அது 2.75 ஹெர்ட்ஸ். 8 நொடிப் பதிவை எடுத்து அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்த்தால், 8-இல் ஒரு பங்கு ஹெர்ட்ஸ், அதாவது நிமிடத்திற்கு ஏழெட்டுத் துடிப்பு இடைவெளிக்குள் இருக்கும் இரண்டு தாளங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே முகடாகத் தெரியும். பட்டையின் அசைவை அளக்கும் முடுக்கமானியின் பதிவைத் துணைக்கு வைத்து அசைவின் தாளத்தைக் கழித்தால், நாடியின் தாளமும் சேர்ந்து கழிந்துபோகும். கழிக்காமல் விட்டால், காலடி எண்ணிக்கையே இதயத்துடிப்பாகத் திரையில் வரும்.

இது என் துறையில் அனைவரும் அறிந்த பழைய சிக்கல். மின்னியல், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ.யின் சமிக்ஞைச் செயலாக்கச் சங்கம் 2015-இல் மாணவர்களுக்கு நடத்திய போட்டியின் பொருளே, உடற்பயிற்சியின்போது மணிக்கட்டு ஒளிப்பதிவிலிருந்து இதயத்துடிப்பைக் கண்டறிவதுதான். அதற்குப் பயிற்சித் தரவாகக் கொடுக்கப்பட்டவை, அதிகபட்சம் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் டிரெட்மில்லில் ஓடிய 12 பேரின் பதிவுகள். அதன்பின் முறைகள் வெகுவாக மேம்பட்டிருக்கின்றன; இருந்தாலும் சீரான வேகத்தில் ஓடும் டிரெட்மில்லின் மேல் எடுத்த பதிவு வேறு, குண்டெறிபவரின் கையிலும் தடை தாண்டுபவரின் கையிலும் எடுத்த பதிவு வேறு. பட்டை எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது, தோல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, அடியில் பச்சை குத்தியிருக்கிறதா என்பவையும் முடிவை மாற்றும். தோலின் நிறமியும் பச்சை ஒளியை உறிஞ்சுகிறது. கருநிறத் தோல் கொண்டவர்களிடம் திரும்பி வரும் ஒளி குறையும்போது இரைச்சலின் பங்கு கூடுகிறது. நம் வீரர்களில் யாருக்கு இந்தக் கருவி குறைவாகப் பொருந்துகிறது என்று சோதிக்கப்பட்டதாகச் சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

சென்ற பருவத்தில் இதே பட்டை முன்னோட்டமாக வழங்கப்பட்டபோது, விருப்பம் தெரிவித்த சிலருக்கு மார்புப்பட்டையையும் சேர்த்து அணிவித்து இரண்டையும் ஒப்பிட்டேன். மார்புப்பட்டை இதயத்தின் மின்துடிப்பையே எடுப்பதால் வேகத்தைப் பொறுத்தவரை அது நம்பகமான அளவுகோல். நெடுந்தொலைவு ஓடும் ஒரு வீராங்கனை நடுத்தர வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது மணிக்கட்டுப் பட்டை 178 என்று விடாமல் காட்டியது. மார்புப்பட்டை காட்டியது 151. அவருடைய காலடி வேகம் நிமிடத்திற்கு 178. அன்று மாலையே மென்பொருள் அவர் பெயருக்கு எதிரே ‘மிகைச் சுமை’ என்று எழுதியது. மறுநாள் முக்கியப் பயிற்சியில் அவருக்கு இடமில்லை. இந்தப் பதிவுகளையும் இதுபோன்ற மற்றவற்றையும் சேர்த்து ஓர் ஒப்பீட்டு அறிக்கையை உங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். பெற்றுக்கொண்டதாகக்கூடப் பதில் வரவில்லை. அடுத்து வந்தது இந்தச் சுற்றறிக்கைதான்.

இனி, எச்சரிக்கை எழுந்தால் விலக்கிவைக்கும் விதிக்கு வருகிறேன். உறக்கத்தில் துடிப்பு 40-க்குக் கீழ் இறங்கினால் மென்பொருள் எச்சரிக்கிறது. சராசரி மனிதருக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவரின் இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தை வெளியேற்றுவதால் ஓய்வில் மெதுவாகத் துடிக்கிறது. அந்த மெதுவான துடிப்பு பயிற்சியின் பலன். விளையாட்டு வீரர்களின் ஈ.சி.ஜி.யைப் படிப்பதற்கென 2017-இல் வெளியான பன்னாட்டு வரையறைகள், நிமிடத்திற்கு 30 வரையிலான சீரான குறைதுடிப்பை இயல்பானது என்றே வகைப்படுத்துகின்றன. இதை இந்தக் குழுவில் உள்ள மருத்துவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் நீங்கள் கையெழுத்திட்டு நடைமுறைப்படுத்தியிருக்கும் மென்பொருளுக்கு அது தெரியவில்லை. தகுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தபோது, உறக்கத்தில் 37-க்கு இறங்கியதற்காக ஓர் இளம் நடுத்தொலைவு வீரர் களத்துக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டார். வெளியே ஒரு மருத்துவரிடம் சொந்தச் செலவில் ஈ.சி.ஜி. எடுத்து, குறை ஏதும் இல்லை என்று எழுதி வாங்கிவந்த பிறகும், ‘பட்டையின் அறிக்கை மாறவில்லை’ என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது.

இதன் விளைவை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். எச்சரிக்கை வந்தால் தேர்வு போய்விடும் என்று தெரிந்த வீரர்கள் இரவில் பட்டையைத் தளர்த்திவிடுகிறார்கள், அல்லது அறைத்தோழரின் கையில் கட்டிவிடுகிறார்கள். இப்படி ஒரே இரவில் ஒருவருடைய நாடி மற்றொருவரின் கணக்கில் ஏறியிருப்பதை நான் பதிவுகளில் பார்க்கிறேன். இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடல்நிலையை மறைத்தால்தான் ஓட முடியும் என்ற நிலையை உண்டாக்கியது விதிதான். நாளை இவர்களில் ஒருவருக்கு உண்மையிலேயே மயக்கமோ படபடப்போ வந்தால், அதை மருத்துவரிடம் சொல்லத் துணிவாரா என்று எண்ணிப் பாருங்கள். எந்தக் கருவியையும்விட அந்த வாய்ச்சொல்தான் பெரிய எச்சரிக்கை.

எனக்கு உறக்கம் கெடுவது வேறொரு பக்கத்தை எண்ணி. நலமானவர்களை வெளியே உட்கார வைக்கும் இதே ஏற்பாடு, ஆபத்தில் இருப்பவர்களுக்கு நற்சான்று கொடுத்து ஓட விடுகிறது. கேமரூன் கால்பந்து அணியின் மார்க் விவியன் ஃபோ 2003 ஜூன் 26 அன்று லியோன் நகரில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். உடற்கூறாய்வில் இதயத்தசைத் தடிப்பு நோய் இருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இந்நோய் உள்ளவரின் நாடி மணிக்கட்டில் பெரும்பாலும் ஒழுங்காகவே அடிக்கும். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் ஈ.சி.ஜி.யில் டி அலை தலைகீழாவது போன்ற மாறுதல்கள் தென்படும். கீழறைகள் கிளர்ந்து பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் காலமே கியூ.டி. இடைவெளி; அது நீண்டுவிடும் நீள்கியூ.டி. நோயில் ஆண்களுக்கு 470, பெண்களுக்கு 480 மில்லிநொடி என்ற எல்லையை வைத்து மேலாய்வு செய்யச் சொல்கின்றன அதே 2017 வரையறைகள். ஒளிப்பதிவில் கியூ.டி. இடைவெளி என்ற ஒன்றே கிடையாது. அப்படியானால், பட்டை அணிந்தவருக்கு ஈ.சி.ஜி. வேண்டாம் என்று எந்த அடிப்படையில் எழுதினீர்கள்?

ஈ.சி.ஜி. பரிசோதனை குறித்தே கருத்து வேறுபாடு உண்டு என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்டு. இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்களுக்கு ஈ.சி.ஜி.யுடன் கூடிய பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில் 1979 முதல் 2004 வரையிலான தரவுகளைத் தொகுத்த ஆய்வு, இளம் வீரர்களிடையே திடீர் இதய மரணம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 3.6 என்பதிலிருந்து 0.4 ஆகக் குறைந்ததைக் காட்டியது. இஸ்ரேலிலும் இத்தகைய பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. அங்கே 2011-இல் வெளியான ஆய்வு அப்படி ஒரு வீழ்ச்சியைக் காணவில்லை. பிறவியிலேயே இடம் மாறித் தோன்றும் இதயத் தமனிகளை ஓய்வுநிலை ஈ.சி.ஜி. பெரும்பாலும் தவறவிடும் என்பதும் உண்மை. ஆனால் அந்த விவாதம் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையோடு ஈ.சி.ஜி.யையும் சேர்ப்பதா வேண்டாமா என்பது பற்றியது. ஈ.சி.ஜி.யின் இடத்தில் மணிக்கட்டில் பச்சை விளக்கைக் கட்டலாம் என்று அதில் இரு தரப்பிலும் யாரும் வாதிடவில்லை.

பட்டையின் புதிய வகையில் விரலை வைத்தால் ஈ.சி.ஜி.யும் எடுக்கலாமே என்று குழுக் கூட்டத்தில் பேசப்பட்டதாக அறிந்தேன். எடுக்கலாம், ஆனால் அது கைக்குக் கை எடுக்கப்படும் ஒற்றை லீட். மார்பின் முன்னும் பக்கவாட்டிலும் இருந்து பார்க்கும் ஆறு லீட்கள் அதில் இல்லை. கவலைக்குரிய டி அலை மாறுதல்கள் பலவும் தெரிவது அங்கேதான். மேலும், நோயறியும் ஈ.சி.ஜி. 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை பதிவுசெய்கிறது. கண்காணிப்புக் கருவிகள் அசைவைத் தவிர்ப்பதற்காகப் பொதுவாக 0.5 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள் வடிகட்டுகின்றன, கீழ் எல்லையை அப்படி உயர்த்தும்போது கியூ.ஆர்.எஸ். தொகுதிக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட எஸ்.டி. பகுதியின் வடிவமே திரிந்துபோக வாய்ப்புண்டு. ஆப்பிள் கடிகாரத்தை வைத்து 4,19,297 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வை விற்பனையாளர்கள் அடிக்கடி காட்டுகிறார்கள். அது தேடியது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற மேலறைத் தாளக்கேட்டை. ஒழுங்கற்ற நாடி என்று அறிவிப்பு பெற்றவர்கள் 0.52 விழுக்காட்டினர்; 40 வயதுக்கு உட்பட்டவர்களில் 0.16 விழுக்காட்டினர் மட்டுமே. அறிவிப்பு பெற்ற பின் ஈ.சி.ஜி. ஒட்டுப்பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 விழுக்காட்டினரிடம் அந்தத் தாளக்கேடு பதிவானது. கடிகாரம் சந்தேகப்பட்டது, ஈ.சி.ஜி. தீர்மானித்தது. நீங்கள் தீர்மானிக்கும் கருவியை அகற்றிவிட்டுச் சந்தேகப்படும் கருவிக்குத் தீர்ப்பெழுதும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதில் எனக்கு மிகவும் உறுத்தலாக இருப்பது, மூலப் பதிவுகள் எவருக்கும் கொடுக்கப்படாது, நாளுக்கு ஒரு ‘தயார்நிலை மதிப்பெண்’ மட்டுமே வரும் என்ற நிபந்தனை. அந்த மதிப்பெண்ணின் பெரும்பகுதி துடிப்பு இடைவெளிகளின் மாறுபாட்டிலிருந்து வருகிறது. அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசங்களை வர்க்கப்படுத்திச் சராசரி கண்டு வர்க்கமூலம் எடுப்பது வழக்கமான கணக்கு. நிமிடத்திற்கு 60 துடிப்புள்ள ஒருவரிடம் ஐந்து நிமிடப் பதிவில் உண்மையான மதிப்பு 40 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். சுமார் 300 துடிப்புகளில் ஒரே ஒரு துடிப்பைக் கருவி தவறவிட்டால், ஓர் இடைவெளி 1000-லிருந்து 2000 மில்லிநொடியாகிறது. மதிப்பு 40-லிருந்து 90-ஐத் தாண்டுகிறது. களைத்துப்போன வீரர் ‘முழுமையாக மீண்டுவிட்டார்’ என்று காட்டப்படுவார். இதைத் தவிர்க்க மென்பொருள் என்ன செய்கிறது? வழக்கத்துக்கு மாறாக முன்கூட்டியோ பிந்தியோ வரும் துடிப்புகளை இரைச்சல் என்று கருதி நீக்கிவிட்டு, இடத்தைச் சீராக நிரப்புகிறது. உண்மையான மிகைத்துடிப்புகளும் அப்படித்தான் வரும். மருத்துவர் காண விரும்பும் அதே துடிப்பு, சுத்தம் செய்யும் படியிலேயே துடைக்கப்பட்டுவிடுகிறது. நீக்கப்பட்டது கருவியின் கோளாறா வீரரின் கோளாறா என்று பார்க்க மூலப் பதிவு வேண்டும். அதைத்தான் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

ஈ.சி.ஜி.யில் துடிப்பைக் கண்டறிய பான், டாம்ப்கின்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட முறை இன்றும் வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. எந்த வடிகட்டி, எந்த வரம்பு, ஏன் என்று ஒவ்வொரு படியும் அச்சில் இருக்கிறது, எவருக்கும் திறந்திருக்கும் எம்.ஐ.டி. பி.ஐ.எச். ஈ.சி.ஜி. தரவுத்தொகுப்பின் 48 பதிவுகளை எடுத்து எவர் வேண்டுமானாலும் சோதித்துப் பிழையை எண்ணலாம். ஒரு மருத்துவ முடிவுக்கு அடிப்படையாகும் கணக்கு இப்படித் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியா? இப்போது மென்பொருள் புதுப்பிக்கப்படும் இரவில் மதிப்பெண்கள் மொத்தமாக ஏறி இறங்குகின்றன. என்ன மாற்றினார்கள் என்று பயிற்றுநர் என்னைக் கேட்கிறார், என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தார். உடனே நெஞ்சழுத்தம் கொடுக்கப்பட்டது, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டெஃபிப்ரிலேட்டர் களத்துக்கே வந்தது, அவர் பிழைத்து மறு ஆண்டே மீண்டும் ஆடினார். இதயம் நின்றபின் மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. நம் பயிற்சிக் களங்களில் அந்தக் கருவி அலுவலக அறையில் பூட்டப்பட்டிருக்கிறது. மாலைப் பயிற்சியின்போது சாவி வைத்திருப்பவர் இருப்பதில்லை. பட்டைகளுக்கு ஒதுக்க முடிந்த நிதியில் ஒரு பகுதி இதற்கு முன்பே போயிருக்க வேண்டும்.

எனவே கேட்கிறேன். பட்டை அணிந்தாலும் அணியாவிட்டாலும், முகாமில் சேரும் ஒவ்வொருவருக்கும் 12 லீட் ஈ.சி.ஜி.யை மீண்டும் கொண்டுவாருங்கள். அதை விளையாட்டு வீரர்களுக்கான வரையறைகளை அறிந்த இதயநோய் மருத்துவர் ஒருவர் படிக்கட்டும். மென்பொருளின் எச்சரிக்கையால் எவரும் தாமாக விலக்கப்படும் விதியை உடனே ரத்து செய்யுங்கள். எச்சரிக்கை வந்தால் குறித்த நாட்களுக்குள் மருத்துவர் நேரில் பார்த்து, ஈ.சி.ஜி. பதிவோடு, எழுத்துமூலம் முடிவு சொல்ல வேண்டும் என்று மாற்றுங்கள். ஓட்டத்தின்போது துடிப்பை வைத்துப் பயிற்சிச் சுமை தீர்மானிக்கப்படுமானால் மார்புப்பட்டையை வழங்குங்கள். மூலப் பதிவுகளும் துடிப்பு இடைவெளிகளும் வீரருக்கும் அவர் காட்டும் மருத்துவருக்கும் தடையின்றிக் கிடைக்கவும், நீக்கப்பட்ட துடிப்புகள் தனியே குறிக்கப்படவும், மென்பொருள் மாற்றங்கள் முன்கூட்டி அறிவிக்கப்படவும் ஒப்பந்தத்தில் விதி சேருங்கள். விற்பனையாளர் மறுத்தால் அந்தக் கருவியை மருத்துவத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். உறக்கத் தரவும் தயார்நிலை மதிப்பெண்ணும் அணித் தேர்வில் இடம்பெறாது என்று எழுத்தில் அறிவியுங்கள். டெஃபிப்ரிலேட்டர்களைக் களத்தின் ஓரத்தில் பூட்டின்றி வையுங்கள். பயிற்றுநர் ஒவ்வொருவருக்கும் நெஞ்சழுத்தப் பயிற்சி கொடுங்கள். எச்சரிக்கையின் பேரில் மட்டும் விலக்கப்பட்டவர்களின் நிலையை அடுத்த தகுதித் தேர்வுக்கு முன் மறுபரிசீலனை செய்து, வாய்ப்பு இழந்தவர்களுக்குத் தனித்தேர்வு நடத்துங்கள். நான் ஒப்படைத்த ஒப்பீட்டு அறிக்கையை, வீரர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, உங்கள் மறுமொழியோடு சேர்த்து முகாமில் உள்ள அனைவரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
முகாமின் சமிக்ஞைச் செயலாக்கப் பொறியாளர்